பொல்லாதவர்களின் ஈரம்: சோழநாட்டுச் சித்திரக்கதைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு கதையில் யாரை வெறுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட பிறகு, அந்த ஆளின் நெஞ்சிலும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று கதாசிரியர் காட்டினால் வாசகர் என்ன செய்வார்? சிலர் நெகிழ்ந்துபோவார்கள். சிலர் "இதெல்லாம் வேஷம்" என்று தள்ளிவிடுவார்கள். இன்னும் சிலருக்குக் கதாசிரியர் மீதே கோபம் வரும். அடிபட்டவர்கள் அங்கே கிடக்க, அடித்தவனுக்கு ஏன் இத்தனை பக்கம் என்று கேட்பார்கள். மூன்றும் நியாயமான எதிர்வினைகளே. எந்தக் கதை எந்த எதிர்வினைக்கு உரியது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இதற்குச் சித்திரக்கதையை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நாவலாசிரியர் ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் புகுந்து பக்கம் பக்கமாக விளக்கலாம். சித்திரக்கதையில் அந்த வசதி குறைவு. வில்லனுக்கு முதலில் ஒரு முகம் வேண்டும். நெரித்த புருவம், முறுக்கிய மீசை, சாய்ந்த பார்வை என்று வரைந்துவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட "இவன் கெட்டவன்" என்று விரல் நீட்டிவிடும். அப்படித் தீர்ப்பெழுதி முடித்த முகத்தில் பிற்பாடு ஈரத்தைக் கொண்டுவருவது ஓவியருக்குச் சோதனை.

காவிரிப் படுகையை எடுத்துக்கொள்ளவும் காரணம் உண்டு. மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் மணியத்தின் ஓவியங்களோடு தொடராக எழுதினார். கதை வீரநாராயண ஏரி எனப்பட்ட வீராணத்தின் கரையில் தொடங்கிப் பழையாறை, தஞ்சை, கோடிக்கரை, நாகை, திருப்புறம்பியம், கடம்பூர் என்று ஆற்றுப் பாசன நாடு முழுவதும் சுற்றுகிறது. அந்தத் தொடரின் மறுவெளியீடுகளுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஓவியர்கள் புதிதாக வரைந்தார்கள். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் படக்கதையாக்கலாம் என்ற நிலை வந்தது. நிலா காமிக்ஸ் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வண்ணப் பகுதிகளாக வெளியிட்டது. மணிரத்னத்தின் இரண்டு படங்கள் 2022, 2023இல் வந்து பாத்திரங்களின் முகங்களை இன்னொருமுறை மாற்றிப்போட்டன. ஆக, எழுபது ஆண்டுகளாகத் தமிழர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் சில பொல்லாத முகங்கள் இந்தக் கதையில் இருக்கின்றன. அவற்றுள் பெரிய பழுவேட்டரையரும் நந்தினியும் முதன்மையானவர்கள்.

பொல்லாதவரின் ஈரத்தைக் கதைகள் மூன்று வழிகளில் காட்டுகின்றன. முதல் வழியில் அவர் திருந்திவிடுகிறார். இரண்டாவதில் அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது தெரியவருகிறது. மூன்றாவதில் அவர் திருந்துவதும் இல்லை, தம் காயத்தைச் சொல்லிப் புலம்புவதும் இல்லை. எந்தக் குணம் அவரைப் பொல்லாதவராக்கியதோ அதே குணம் ஓரிடத்தில் அவரைக் கலங்கவைக்கிறது. இந்த மூன்றாம் வழியே அரியது, நெடுங்காலம் நிற்பது. கண்டிப்பும் கனிவும் ஒரே வேரில் முளைத்தவை என்று காட்டும் கதையை வாசகர் நம்புகிறார். வேரில்லாமல் ஒட்டவைத்த கனிவை மறுபக்கம் புரட்டும்போதே மறந்துவிடுகிறார்.

திருந்திய திருடர்கள்

தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களின் முதல் பெருங்காதலே ஒரு பொல்லாதவன் மீதுதான் பிறந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியைப் பல தலைமுறைகள் வீரனாகவே அறியும். ஆனால் 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் அந்தக் கதை பிறந்தபோது லூயிஸ் கிராண்டெல் வீரன் அல்ல. விபத்தில் கையை இழந்த, சிடுசிடுத்த ஆய்வுக்கூட உதவியாளன் அவன். மின்சாரம் பாய்ந்து, இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறையத் தொடங்கியதும் அவன் முதலில் செய்தது கொள்ளை. பெருநகரையே மிரட்டும் அளவுக்குப் போனான். அதன் பிறகுதான் மனம் மாறி, நிழற்படையின் உளவாளியாக நாம் அறிந்த மாயாவி ஆனான்.

1984இல் லயன் காமிக்ஸ் வழியே வந்த ஸ்பைடரின் கதை இன்னும் சுவையானது. 1965இல் பிரிட்டனில் டெட் கோவன் எழுத ரெக் பன் வரைந்த இந்தப் பாத்திரம், 'குற்ற உலகின் பேரரசன்' ஆவதே தன் லட்சியம் என்று அறிவித்துக்கொண்டு கிளம்பியது. பூட்டுத் திறப்பதில் மன்னன் ஒருவனையும் விஞ்ஞானி ஒருவரையும் அடியாட்களாக வைத்திருந்தான். பின்னர் சூப்பர்மேனைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுத வந்தபோது ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறினான். அவனைத் திருத்தியது பச்சாதாபமோ காதலோ அல்ல, அகந்தை. போலீஸ்காரர்கள் அவனுக்குச் சரியான போட்டி இல்லை. மற்றக் குற்றவாளிகளை வீழ்த்தினால்தான் தன் பெருமை நிலைக்கும். கூரிய காது, குடுமி போன்ற தலைமயிர், எல்லாரையும் அலட்சியம் செய்யும் பேச்சு எதுவும் மாறவில்லை. 'கூர்மண்டையன்' என்று வாசகர்கள் அவனைச் செல்லமாகக் கேலி செய்துகொண்டே விரும்பினார்கள்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் முதல் வழியின் பலமும் பலவீனமும் தெரியும். மாயாவியின் மாற்றம், கதை நீண்டுபோக வேண்டும் என்பதற்காக வந்தது. வாராவாரம் ஓடும் தொடரின் நாயகன் எத்தனை வாரம் வங்கிகளைக் கொள்ளையடிப்பான்? மாறிய பிறகு அவனுடைய பழைய சிடுசிடுப்பு மெல்லக் கழுவப்பட்டுவிட்டது. நமக்குக் கிடைத்தவன் நல்லவன்தான், ஆனால் சப்பென்ற நல்லவன். ஸ்பைடரோ நல்லது செய்யும்போதும் பழைய ஸ்பைடராகவே இருந்தான். அவன் யாரையாவது காப்பாற்றினால் அதிலும் ஓர் ஆணவம் தெரியும். அந்த ஆணவத்துக்கு நடுவே எப்போதாவது ஒரு சிறு இரக்கம் தலைகாட்டினால் வாசகருக்கு அது பொக்கிஷம்.

கம்பனும் மேலட்டூரும்

சிவகாசியில் தமிழில் அச்சேறிய இந்த வெளிநாட்டு விருந்தாளிகளைத் தஞ்சை மண் எளிதாக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. பொல்லாதவர் பக்கத்து ஈரத்தைப் பார்ப்பது இந்தப் படுகையின் பழைய பழக்கம். கம்பன் பிறந்ததாகச் சொல்லப்படும் தேரழுந்தூர் காவிரிக் கரை நாட்டில்தான் இருக்கிறது. அவர் படைத்த கும்பகருணனை எண்ணிப் பாருங்கள். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு அறிவுரை சொல்கிறான், அண்ணன் கேட்கவில்லை, போருக்குப் போ என்கிறான், போகிறான். களத்தில் வீடணன் வந்து இராமன் பக்கம் அழைக்கும்போது வர மறுக்கிறான். தோற்பது தெரியும், அண்ணன் செய்தது தவறு என்பதும் தெரியும். இத்தனை நாள் சோறிட்டு வளர்த்தவனைக் கைவிட முடியாது என்பது மட்டுமே அவனுக்கு முக்கியம். அவனைத் தவறான பக்கத்தில் நிறுத்துவதும் செஞ்சோற்றுக் கடன்தான், நம் கண்ணில் அவனை உயர்த்துவதும் அதுவேதான். மூன்றாம் வழி என்று நான் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

தஞ்சைக்குப் பக்கத்து மேலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் பாகவத மேளாவிலும் இதைக் காணலாம். மேலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரம் அங்கே முதன்மையான நாடகம். முடிவு ஊரறிந்ததே. கடைசியில் நரசிம்மர் வருவார், அந்த முகமூடி பூசைக்குரியது, அதை அணிபவர் விரதமிருந்து அணிவார். ஆனால் இரவெல்லாம் மேடையை ஆள்பவன் இரணியன். அவன் மகனை வெறுக்கவில்லை. தன் வழியில் மகன் வர வேண்டும், தன் பெயரை அவன் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறான். கெஞ்சுகிறான், அதட்டுகிறான், கடைசியில் கொல்லத் துணிகிறான். மகன் மீதான பெருமிதமும் மகனைக் கொல்லத் துணியும் வெறியும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதால், அசுரன் வேஷம் போட்டவரைப் பார்த்துக்கொண்டே ஒரு தகப்பனையும் பார்க்கிறோம்.

சிரிப்பு என்ற இன்னொரு சாலையும் தஞ்சையில் உண்டு. தஞ்சையில் பிறந்து குடந்தை ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு, 'ஆனந்த விகட'னில் கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு வரைந்த சவடால் வைத்தியை யாராவது வெறுத்ததுண்டா? காதலர்களைப் பிரிக்கிறான், தரகு பார்க்கிறான், பொய் சொல்கிறான். அவனிடம் ஈரம் என்று சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அவனைப் பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது. பிறகு 1968இல் நாகேஷ் திரையில் அந்த வைத்தியாகவே நின்றார். பொல்லாதவரைப் பொறுத்துக்கொள்ள இரக்கம் மட்டுமே வழி என்றில்லை, சிரிப்பும் போதும் என்பதற்கு வைத்தி சான்று. ஆனால் சிரிப்பு வழியாக வந்தவனுக்காக நாம் அழுவதில்லை.

வாளைக் கொஞ்சும் நந்தினி

இனி 'பொன்னியின் செல்வ'னுக்கு வருவோம். நந்தினி இரண்டாம் வழியின் நாயகி. அவளுக்கு ஒரு காயம் இருக்கிறது. பட்டர் வீட்டில் வளர்ந்த பெண். பழையாறை அரண்மனைப் பிள்ளைகளோடு பழக ஆசைப்பட்டு ஒதுக்கப்பட்டவள். பிறகு பாண்டிய நாட்டில், காயம்பட்டுக் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனைக் காப்பாற்றச் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனிடம் மன்றாடுகிறாள். அவள் கண்ணெதிரிலேயே அவன் தலையை வெட்டுகிறான். அதன் பிறகு அவள் வாழ்வதே பழிக்காகத்தான்.

கல்கியின் சாமர்த்தியத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஆதித்தனின் கல்வெட்டுகளில் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்ற அடைமொழி பெருமையோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே செயலை ஒரு பெண்ணின் கண் வழியாகப் பார்க்கவைத்து, சோழனின் பட்டத்தை அவளுடைய புண்ணாக மாற்றிவிட்டார். நந்தினி முற்றிலும் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளுடைய காயம் கல்லில் எழுதிய வரலாற்றுச் செயலிலிருந்து வருவதால் கனம் கூடுகிறது.

படம் வரைபவருக்கு நந்தினி கொடுக்கும் பெரிய கொடை, பாண்டியரின் மீன் சின்னம் பொறித்த வாள். தனிமையில் அவள் அதை எடுத்து, குழந்தையைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சுகிறாள். இந்த ஒரு காட்சியில் தாய்மையும் கொலைவெறியும் ஒரே கைகளில் இருக்கின்றன. வசனம் வேண்டாம், முன்கதை வேண்டாம். இந்தக் காட்சியைப் படமாக்குபவர் வாளின் மேல் குனிந்த முகத்தில் பாசத்தை மட்டும் வரைந்தாலும் தவறு, வெறியை மட்டும் வரைந்தாலும் தவறு. இரண்டையும் ஒரே கோட்டில் பிடிக்க வேண்டும். வீரபாண்டியன் அவளுக்கு யார் என்பதைக்கூடக் கல்கி நெடுந்தூரம் மூட்டமாகவே வைத்திருப்பதால், காயத்தின் விளக்கம் அந்தக் கொஞ்சலைத் தின்றுவிடவில்லை. காயத்தைக் காட்டும் கதைகள் வழக்கமாக இந்த இடத்தில்தான் சறுக்கும். 'இவளுக்கு இப்படி நடந்தது, அதனால் இப்படியானாள்' என்று கணக்கு நேராகிவிட்டால் பாத்திரம் ஒரு வழக்குக் கோப்பாகிவிடும்.

அமெரிக்கக் காமிக்ஸில் மேக்னீட்டோ இதற்கு ஒப்பான உதாரணம். 1963இல் வெறும் வில்லனாக வந்தவனுக்கு, எக்ஸ்-மென் கதைகளை எழுதிய கிறிஸ் கிளாரமான்ட் பிற்பாடு நாஜி வதைமுகாமின் முன்கதையைக் கொடுத்தார். 1981இல் வந்த 150ஆம் இதழில் சண்டையின் நடுவே ஒரு சிறுமியை வீழ்த்திவிட்டு அவன் திகைத்து நிற்கிறான்; தன்னை வதைத்தவர்களைப் போலவே தானும் ஆகிவிட்டோமோ என்று அஞ்சுகிறான். முன்கதை அங்கே சாக்காக வரவில்லை, குற்றச்சாட்டாக வருகிறது. காயம் உள்ளவரே தம் காயத்தைத் தமக்கு எதிரான சாட்சியாக்கும்போதுதான் இரண்டாம் வழி பிழைக்கிறது.

கொள்ளிடத்தில் ஒரு கிழவர்

பெரிய பழுவேட்டரையர் வேறு தரத்தவர். அறுபத்து நான்கு விழுப்புண்கள் பட்ட மாவீரர், அரசின் தனாதிகாரி, வரியும் கருவூலமும் அவர் கையில். வயது முதிர்ந்த காலத்தில் நந்தினியை மணந்து ஊர் சிரிப்புக்கு ஆளாகிறார். அரச குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த மதுராந்தகனை அரியணையில் ஏற்றச் சதிக்கூட்டம் கூட்டுகிறார். இளவரசர்களை வெறுக்கிறார், கதாநாயகன் வந்தியத்தேவனை வேட்டையாடுகிறார். முதல் பாகத்தில் அவரை விரும்பக் காரணமே இல்லை. மணியம் காலம் முதல் எல்லா ஓவியர்களும் அவருடைய மீசைக்கும் மார்புக்கும் தாராளமாக இடம் கொடுத்தார்கள்.

ஆனால் அவரை இயக்குவது பேராசை அல்ல. சோழ குலத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ரத்தம் சிந்தியவர்கள் தாங்கள், அந்தக் குலத்துக்கு எது நல்லது என்று தங்களுக்கே தெரியும் என்ற பெருமை. இது வெறுங்கற்பனையும் அல்ல. இன்றைய அரியலூர் மாவட்டத்து மேலப்பழுவூர், கீழப்பழுவூர்க் கல்வெட்டுகளில் பழுவேட்டரையர் குலம் வாழ்கிறது. அன்பில் செப்பேடு, முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்து அரிஞ்சயனைப் பெற்றதைச் சொல்கிறது. அரசனுக்குப் பெண் கொடுத்த வீட்டின் மிடுக்கு அது.

கதையின் பிற்பகுதியில் அவர் கொள்ளிடத்தைக் கடக்கும்போது புயலில் படகு கவிழ்கிறது. தண்ணீரிலிருந்து தப்பி, திருப்புறம்பியம் பள்ளிப்படையருகே இரவில் சதிகாரர்களின் பேச்சைக் கேட்கிறார். தாம் யாருக்காக வாழ்ந்தோம், யார் கையில் கருவியாக இருந்தோம் என்பது அந்த இருட்டில் விளங்குகிறது. பட்டமும் பரிவாரமும் இல்லாமல், நனைந்த கிழவராக மட்டும் நிற்கிறார். அதற்குப் பிறகு அவர் மென்மையானவராக மாறிவிடவில்லை என்பதுதான் கல்கியின் வெற்றி. குலத்துக்குத் துரோகம் நேர்ந்தது தன்னால் என்று அறிந்ததும், சதி செய்யத் துணிந்த அதே பிடிவாதத்தோடு தன்னைத் தண்டிக்கத் துணிகிறார். குற்றத்தைத் தம் மேல் ஏற்றுக்கொண்டு உயிரையும் விடுகிறார். அவருடைய கண்ணீரும் குலப்பெருமைதான்.

டாக்டர் டூம் என்ற மார்வெல் வில்லனுக்கு இதே தரத்தில் ஒரு கதை உண்டு. 1989இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைந்த 'டிரையம்ப் அண்டு டார்மென்ட்'டில், நரகத்தில் சிக்கிய தாயின் ஆன்மாவை மீட்க டூம் ஒரு சூழ்ச்சி செய்கிறான். அவன் செய்யும் பேரத்தைக் கண்டு தாயே அவனை அருவருத்து விலகுகிறாள். அந்த விலகலாலேயே அவள் விடுபடுகிறாள். அவளை மீட்க அவன் கொடுத்த விலை அவளுடைய அன்பு. அவனுடைய சூழ்ச்சிக் குணம் மாறவே இல்லை. அதுவே பாசத்துக்கு வேலை செய்தது. பொல்லாதவரின் ஈரம் அவருக்கு ஏதாவது இழப்பைத் தர வேண்டும். பழுவேட்டரையர் உயிரையும் மானத்தையும் இழக்கிறார், டூம் தாயை இழக்கிறான். இலவசமாக வந்த கனிவை நம்புவதற்கில்லை.

கல்லில் இருப்பவனுக்குக் கிடைக்காதது

கல்கி யாருக்கு ஈரத்தை ஒதுக்கினார், யாருக்கு மறுத்தார் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறது. அவர்களோடு உடன்பிறந்தார், பிள்ளைகள், மணஉறவால் இணைந்தவர்கள் சொத்துகளையும் பறிக்கச் சொல்கிறது. நாவல் தொடங்கும் வீராணம் ஏரியின் பக்கத்து ஊர் அது.

ரவிதாசன் வரலாற்றில் இருந்தவன், நந்தினி இல்லாதவள். ஆனால் இல்லாதவளுக்குத் தாய்மையும் கண்ணீரும் கிடைத்தன; இருந்தவனுக்குக் கோட்டான் போலக் கத்தும் மந்திரவாதி வேஷம் மட்டுமே கிடைத்தது. அவனும் பாண்டிய விசுவாசத்தால்தான் கொலைக்குத் துணிகிறான் என்று கல்கியே சொல்கிறார். கும்பகருணனை உயர்த்திய அதே விசுவாசம் ரவிதாசனுக்கு உதவவில்லை. அந்தப் பட்டப்பெயர்களையாவது பார்க்கலாம்: ஒன்று பாண்டியரைக் குறிக்கும் 'பஞ்சவன்', இன்னொன்று சோழர் பெயர் தாங்கியது. அரசப் பணியில் உயர்ந்த பட்டம் பெற்ற அண்ணன் தம்பிகள் ஏன் இளவரசனைக் கொன்றார்கள்? ஒரு குடும்பத்தின் மொத்த உறவும் நிலம் இழந்து நின்ற நாள் எப்படி இருந்திருக்கும்? இதைவிட வலுவான சித்திரக்கதைக் கரு சோழநாட்டில் அரிது.

மதுராந்தகன் விஷயத்தில் கல்கி வேறு உத்தியைக் கையாண்டார். வரலாற்றில் உத்தம சோழனாக ஆண்ட அந்த மதுராந்தகனே கொலைக்குப் பின்னால் இருந்தான் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி போன்றோர் ஐயுற்றார்கள், மறுத்தவர்களும் உண்டு. செம்பியன் மாதேவியின் மகனைக் கொலைகாரனாக்கவும் மனம் வரவில்லை, அரியணைக்கு ஆசைப்பட்டவன் என்பதை மறைக்கவும் முடியவில்லை. ஆகவே ஆளையே மாற்றிவிட்டார். கோழையும் பொறாமைக்காரனுமான மதுராந்தகன் உண்மையான வாரிசு அல்ல, பூமாலை கட்டும் சேந்தன் அமுதன்தான் வாரிசு என்றாயிற்று. வெறுக்கத்தக்கவனுக்குள் ஈரத்தைத் தேடுவதற்குப் பதில், ஈரமுள்ள இன்னொருவனை அந்தப் பெயரில் உட்காரவைத்தது சுலபமான தீர்வு. உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் காலத்தில் கோயில் நிர்வாகப் பணி பார்த்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பகை மிஞ்சியிருந்தால் அது நடந்திராது. ஆசைப்பட்டு, ஆண்டு, பிறகு வழிவிட்ட ஒரே மனிதனாக உத்தமனை வரைந்திருந்தால் நமக்கு இன்னும் ஆழமான பாத்திரம் கிடைத்திருக்கும்.

கட்டங்களுக்குள் நடப்பது

நாவலிலிருந்து படக்கதைக்கு வரும்போது முதலில் காணாமல் போகிறவர் கல்கிதான். 'வாசகர்களே' என்று தோளில் கைபோட்டுப் பேசி, பழுவேட்டரையரின் மீது நமக்கு இரக்கம் வரவைப்பதும் வந்த இரக்கத்தைக் கேலியால் தணிப்பதும் அவர் குரல். கட்டத்தின் மேல் மூலையில் ஒட்டிய இரண்டு வரி விவரிப்பில் அந்தக் குரலை அடைக்க முடியாது. எண்ணங்களைக் குமிழ் குமிழாகத் தலைக்கு மேல் மிதக்கவிட்டால் வில்லன் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் ஆளாகிவிடுவான். தன்னை விளக்கிக்கொள்பவன் மீது இரக்கம் வருவது கடினம்.

ஆனால் கட்டங்களுக்கு வேறு வலிமை உண்டு. வாராவாரம் தொடருக்குத் தனித்தனி ஓவியங்களாக மணியம் வரைந்தபோது, ஒரு முகத்துக்கு ஓர் உணர்ச்சிதான் வாய்த்தது. தொடர்படத்தில் அதே முகத்தை அடுத்தடுத்து மூன்று கட்டங்களில் வைக்கலாம். முதலில் அதட்டல், பிறகு தயக்கம், மூன்றாவதில் வேறு பக்கம் திரும்பிய தலை. திரும்பிக்கொண்ட முகம் ஈரத்தைக் காட்ட மிகச் சிறந்த வழி, ஏனெனில் பொல்லாதவர்கள் தங்கள் ஈரத்தை மறைக்கவே விரும்புவார்கள். ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு குடும்பத்தின் மொத்த விவகாரத்தையும் சொல்லிவிட்ட கோபுலுவின் வசனமில்லா நகைச்சுவைப் படங்களை வளர்த்த மொழி நம்முடையது. அந்த மௌனத்தைச் சரித்திரக் காமிக்ஸ் இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை. வண்ணமும் கோட்டைகளும் போர்களும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன; வசனங்கள் நிரம்பி வழிகின்றன. பழுவேட்டரையருக்கு வேண்டியது பேச்சில்லாத ஒரு பக்கம்.

யாருக்கு ஈரம், யாருக்கு நெருப்பு

இந்தப் படுகையில் நின்றுகொண்டு பொல்லாதவர்களின் ஈரத்தைப் பாராட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. 'ஐயா கோபக்காரர், ஆனா மனசு தங்கம்' என்ற பேச்சு பண்ணைகள் கோலோச்சிய ஊர்களில் நெடுங்காலம் புழங்கியது. அந்தத் தங்க மனசு யாருக்குத் தெரிந்தது? வீட்டாருக்கும் விருந்தினருக்கும் தெரிந்தது, சேற்றில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

அந்த நிகழ்வைப் பின்னணியாக வைத்து, குடந்தையில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. அதில் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறை சார்ந்த மனச்சிக்கல் ஒரு காரணமாக வருகிறது. இடதுசாரி விமர்சகர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நிலமும் கூலியும் சாதியும் காரணமாக நடந்த கொலையை ஒரு தனிமனிதனின் அந்தரங்கக் காயமாகச் சுருக்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். நாவலின் கலைத்தரம் பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆனால் அந்த வாதம் நம் கேள்விக்கு அடிப்படையான ஓர் அளவுகோலைத் தருகிறது. காயத்தைக் காட்டும்போது காரணம் இடம் மாறிவிடக் கூடாது.

இந்த அளவுகோலை 'பொன்னியின் செல்வ'னுக்கும் பொருத்தலாம். பழுவேட்டரையரின் ஈரம் முழுவதும் அரச குலத்தின் மீது பாய்கிறது. அவர் தண்டிய வரியைக் கட்டிய உழவர்கள் யார்? அவர் கருவூலம் யாருடைய நெல்லால் நிரம்பியது? நாவலில் அவர்கள் ஆடிப்பெருக்குக் கூட்டமாக, வேடிக்கை பார்ப்பவர்களாக வந்துபோகிறார்கள். படக்கதையாளர்களுக்கு இங்கே வாய்ப்பு இருக்கிறது. பின்னணியில் நிற்கும் உழவரின் முகத்தை ஒரு கட்டத்தில் முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும், தனாதிகாரியின் ஈரத்துக்கு உரிய எல்லை தானே தெரிந்துவிடும். இரக்கம் குறையாது, கணக்கு சரியாகும்.

முடிவாக

பொல்லாதவரின் ஈரம் வாசகரை நிறைவாகத் தொட மூன்று நிபந்தனைகள் வேண்டும். அந்த ஈரம் அவருடைய பொல்லாத்தனத்தின் வேரிலிருந்தே வர வேண்டும். அதற்கு அவர் விலை கொடுக்க வேண்டும். அவரால் அடிபட்டவர்களைப் பக்கத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. கும்பகருணனும் பெரிய பழுவேட்டரையரும் முதல் இரண்டிலும் தேறுகிறார்கள். நந்தினி தன் வாளால் தேறுகிறாள். மாயாவி முதல் நிபந்தனையிலேயே தவறினான். ஸ்பைடர் தன் ஆணவத்தால் பிழைத்தான். மூன்றாவது நிபந்தனையில் நம் சரித்திரக் கதைகள் ஏறக்குறைய எல்லாமே தவறுகின்றன.

ஆகவே, சோழர் கதையை வரைய வருபவர்கள் நந்தினியை நூறாவது முறையாக வரைவதற்கு முன் உடையார்குடிக் கல்வெட்டை ஒருமுறை படிக்கலாம். அதில் பெயர் தெரிந்த மூன்று கொலைகாரர்களும், பெயர் தெரியாத பல உறவினர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக அழச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களை மன்னிக்கவும் வேண்டியதில்லை. அவர்கள் ஏன் அதைச் செய்தார்கள் என்று கடைசிவரை கேட்கும் ஒரு சித்திரக்கதை வந்தால், தமிழ்க் காமிக்ஸ் வெளிநாட்டு வில்லன்களிடம் கடன் வாங்காமல் தன் சொந்தப் பொல்லாதவர்களோடு பேசத் தொடங்கும்.